கெப் வாகனத்துக்கு ரிம் மாற்றுவோர் கேட்பவை: பிரேக்கில் தட்டுமா, தட்டாதா?

கல்முனைப் பக்கத்தில் டயர், ரிம் மாற்றும் கடையொன்றில் நிற்கிறேன். வடக்கே வாழைச்சேனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை ஆட்கள் வருவார்கள். கொண்டுவரும் கெப் வேறு வேறாக இருக்கும். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒரே பதிலை நாளுக்கு நான்கு தடவை சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் பேச்சை எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன், கேள்வியை மாற்றவில்லை. ரிம் என்று நான் எழுதுவது டயர் ஏறாத வெறும் வட்டத்தை. டயர் ஏறிவிட்டால் அது சில்லு.

அண்ணன், ஆறு ஓட்டை ரிம் என்றால் எந்தக் கெப்புக்கும் ஏறும்தானே?

ஏறாது. ஓட்டைகளின் எண்ணிக்கையோடு அவை நிற்கும் வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும். அதைத்தான் பி.சி.டி. என்கிறார்கள். ஃபோர் வீல் ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல்200, 2011இல் வந்த ஃபோர்ட் ரேஞ்சர், அதே காலத்து மஸ்டா பிடி-50 ஆகியவற்றுக்கு 6×139.7, அதாவது ஆறு ஓட்டை, 139.7 மி.மீ. விட்டம். நிசான் நவாராவின் டி40 மொடலுக்கும் அதற்கடுத்த டி23 மொடலுக்கும் ஆறு ஓட்டைதான், ஆனால் 6×114.3. தரையில் கிடக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். தூக்கி வைத்தால் ஸ்டட்டில், அதாவது நட் பூட்டும் மரையாணியில், உட்காராது. தாழ்வான டூ வீல் ஹைலக்ஸ் என்றால் ஐந்து ஓட்டை, 5×114.3 இருக்கவும் கூடும். எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது நடு ஓட்டை. சில்லு பூட்டும் ஹப்பின் நடு மேடு அதற்குள் நுழைய வேண்டும். ஃபோர் வீல் ஹைலக்ஸின் ஹப் 106.1 மி.மீ., ரேஞ்சருடையது 93.1, எல்200க்கு 67.1, நவாராவுக்கு 66.1. எல்200இன் ரிம்மை ஹைலக்ஸில் வைத்தால் ஆறு ஓட்டையும் நேராக நிற்கும், ஆனால் நடுவில் ஹப் நுழையாது. ஹைலக்ஸ் ரிம் எல்200இல் ஏறிவிடும். ஹப்பைச் சுற்றி ஒரு விரல் போய்வரும் அளவு வெற்றிடம் இருக்கும். அதைப் பற்றிப் பின்னால் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ரிம்மின் பின்னால் 17, 7.5 ஜே, +30 என்று இருக்கிறது. இதில் எது பிரேக்குக்கு உரியது?

நேராகச் சொன்னால், எதுவும் இல்லை. 17 என்பது டயரின் விளிம்பு உட்காரும் இடத்தின் விட்டம், அங்குலத்தில். 7.5 ஜே என்பது அகலம். +30 என்பது ஓஃப்செட்: ஹப்பில் அமரும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக 30 மி.மீ. தள்ளி நிற்கிறது. இந்த எண் கூடினால் சில்லு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

மூன்றுமே டயருக்கும் மட்காட்டுக்கும் சொன்ன அளவுகள். ரிம்மின் உள்ளே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்று ரிம்மில் ஒருவரும் அச்சடிப்பதில்லை. வருகிற சண்டையெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

ஓஃப்செட் கம்பனி ரிம்மினுடையதேதான். அப்படியிருந்தும் ஏன் தட்டுகிறது?

கலிப்பர் என்பது சில்லோடு சுற்றும் பிரேக் டிஸ்க்கை இரு பக்கமும் பேட் வைத்துக் கவ்விப் பிடிக்கும் வார்ப்பு. அது ரிம்மில் இரண்டு இடத்தில் முட்டலாம். ஒன்று தலை: கலிப்பரின் முதுகு, ரிம்மின் உள்வட்டக் கூரையில் முட்டுவது. மற்றது மூக்கு: கலிப்பரின் வெளிமுகம், ரிம்மின் ஆரக்கால்களின் பின்புறத்தில் முட்டுவது. கடையில் இப்படித்தான் சொல்கிறோம், இனிமேல் தலை, மூக்கு என்றே எழுதுகிறேன்.

மூக்கு இடைவெளியைத் தீர்மானிப்பது ஆரக்காலின் வளைவு. ஹப்பில் அமரும் முகத்திலிருந்து வெளியே குவிந்து போகும் கால் கலிப்பருக்கு இடம் விடும். தட்டையாகப் போகும் கால் விடாது. ஒரே ஓஃப்செட்டில் இரண்டு வகையும் வார்க்கலாம். ஒரே அச்சில் வார்த்த ரிம்மையே +30 என்றும் +40 என்றும் கடைந்து விற்பதும் உண்டு. அப்படிப்பட்ட இரண்டை ஒப்பிட்டால் மட்டும், +40இல் மூக்குக்கு 10 மி.மீ. குறைவு என்று கணக்குப் போடலாம். வேறு வேறு வடிவங்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

தலை இடைவெளியைத் தீர்மானிப்பது உள்வட்டத்தின் வார்ப்புத் தடிப்பும், அதில் உள்ள பள்ளமும். டயரை ஏற்றவும் கழற்றவும் வசதியாக எல்லா ரிம்மிலும் ஒரு வளையம் உள்நோக்கி இறங்கியிருக்கும். சிலவற்றில் அந்தப் பள்ளம் வெளிமுகத்துக்குப் பக்கத்தில், சிலவற்றில் உள்ளே தள்ளி. கலிப்பருக்கு நேர் மேலே அது வந்துவிட்டால், 17 அங்குல ரிம்கூட அந்த இடத்தில் 16 அங்குலம் போல நடந்துகொள்ளும்.

கம்பனி இரும்பு ரிம் 16 அங்குலம், ஒரு குறையும் இல்லை. அலோய் 16 வாங்கினால் தலை தட்டுகிறதே?

இரும்புத் தகடு மெல்லியது, வார்ப்பு அலோய் தடிப்பு. வெளி விட்டம் ஒன்றாக இருக்கும்போது தடிப்புக் கூடினால் உள்ளே இடம் குறையும், அவ்வளவுதான். “கம்பனி ரிம் 16, ஆகவே எந்த 16உம் சரி” என்று நம்பி வாங்கியவர்கள்தான் என் கடையில் அதிகம் கோபப்பட்டவர்கள். அதைவிட மோசம், இரும்பிலிருந்து அலோய்க்கு மாறும்போது ஓர் அங்குலம் குறைக்கவும் நினைப்பது.

வயல் வட்டைக்குப் போக உயரமான டயர் வேண்டும். 15 அங்குல ரிம் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா தம்பி?

இதைக் கேட்டவர் வெல்லாவெளிப் பக்கத்துப் போடியார் ஒருவர். நினைப்பில் பிழையில்லை: ரிம் சிறிதானால் டயரின் சுவர் உயரும், களியிலும் வரம்பிலும் காற்றைக் குறைத்து ஓடலாம். பழைய கெப் வண்டிகளில் 15 ஓடியதும் உண்மை.

ஆனால் பிரேக் வளர்ந்துவிட்டது ஐயா. 15 அங்குலம் என்றால் 381 மி.மீ.; அது டயர் உட்காரும் இடம். உள்ளே வார்ப்புத் தடிப்பும் பள்ளமும் கழிந்தால் கையில் நிற்பது அதைவிட நன்றாகக் குறைவு. இப்போதைய கெப்களில் முன் டிஸ்க்கின் விட்டம் மட்டுமே ஏறக்குறைய 300 மி.மீ. வருகிறது, அதன்மேல் கலிப்பர் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வண்டி வந்தபோது 15 அங்குலத்துடன் வந்திருந்தால் போடுங்கள். 16 அல்லது 17உடன் வந்திருந்தால், அளந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

அண்ணாவின் பழைய ஹைலக்ஸ் ரிம் என்னுடைய புதிய ஹைலக்ஸுக்குச் சரிதானே? ஒரே கம்பனிதானே?

பி.சி.டி. சரி, நடு ஓட்டை சரி, ஸ்டட் சரி. பிரேக் மட்டும் சரியில்லாமல் போகலாம். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் தலைமுறைக்குத் தலைமுறை, சில வேளை ஒரே ஆண்டின் மலிவு ரகத்துக்கும் உயர்ந்த ரகத்துக்குமிடையே, டிஸ்க் அளவு மாறுகிறது. பெரிய டிஸ்க் வண்டியின் ரிம் சின்ன டிஸ்க் வண்டிக்குப் பெரும்பாலும் போகும். மறுதலையாகப் போகும் என்று நினைக்க வேண்டாம்.

அளவு கருவி எதுவும் எனக்குத் தெரியாது. கடைக்குப் போய் எப்படிப் பார்ப்பது?

கோதுமை மா தெரியுமல்லவா? அது போதும். ரொட்டிக்குப் பிசைவதுபோல, ஆனால் எண்ணெய் சேர்க்காமல், கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து கொண்டுபோங்கள். எண்ணெய் ஏன் கூடாது என்றால், டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

முன் சில்லைக் கழற்றுங்கள். கெட்டியான தரை, மறு சில்லுகளுக்கு அணை, ஜக் மட்டும் நம்பாமல் கீழே ஸ்டாண்ட்; இதெல்லாம் கட்டாயம். கலிப்பரின் முதுகில் இரண்டு இடத்திலும், வெளிமுகத்தில் அதிகம் துருத்தி நிற்கும் மூலைகளிலும் தேசிக்காயில் பாதியளவு மாவை அப்புங்கள். மேலே ஷொப்பிங் பையில் கிழித்த துண்டொன்றை விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மா ரிம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இப்போது டயர் ஏற்றாத ரிம்மை ஸ்டட்டில் வைத்து, மூன்று நட்டை ஒன்றுவிட்டு ஒன்றாக இறுக்கி, கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். மா நசுங்கும் சத்தம்கூடக் கேட்காது. உலோகத்தில் உலோகம் உரசினால் அது வேறு. உடனே கைக்குத் தெரியும், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரிம்மைக் கழற்றினால் மா தட்டையாக நிற்கும். ஓர் ஈர்க்கை எடுத்து, மா மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில் கலிப்பரின் இரும்பில் முட்டும்வரை குத்தி, மாவின் மேல்மட்டத்தில் நகத்தால் பிடித்து இழுத்து, அடிமட்ட அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் இடைவெளி. முதுகில் எடுத்தது தலை, முகத்தில் எடுத்தது மூக்கு. மா எங்கேயும் நசுங்கவே இல்லையென்றால் அதுவும் நல்ல செய்திதான். வேலை முடிந்ததும் மாவை ஒரு துண்டு விடாமல் சுரண்டி எடுங்கள்; பிரேக் சூட்டில் ரொட்டி வேகும் மணத்தோடு ஒருவர் காத்தான்குடி வரை போயிருக்கிறார்.

எத்தனை மில்லிமீட்டர் இருந்தால் போதும்?

தார் வீதியில் மட்டும் ஓடும் வண்டிக்கு 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, தலையானாலும் மூக்கானாலும். வளைவில் திரும்பும்போது ரிம் சற்று நெளிகிறது, பேரிங்கில் சிறிது ஆட்டம் இருக்கும், பிரேக் சூட்டில் கலிப்பரும் விரியும். நிற்கும் வண்டியில் 1 மி.மீ. காட்டும் ரிம் ஓடும் வண்டியில் தட்டும். கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாக, 18 வளைவு இறங்கி இந்தப் பக்கம் வருகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்: வீட்டைச் சுற்றி ஓடும்போது இல்லாத சத்தம், பிரேக் சூடேறிப்போன அந்த இறக்கத்தில் மட்டும் வரும்.

கிறவல் பாதை, வட்டை, மணல் என்று ஓடுபவர்களுக்கு, குறிப்பாகத் தலை இடைவெளி, 6 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். காரணம் கீழே மாரிகாலக் கேள்வியில் இருக்கிறது.

டயரையும் ஏற்றிப் பேலன்ஸும் செய்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் ஒரே வேலையாக முடிந்துவிடுமே?

முடிந்துவிடும், உங்கள் காசு. டயர் ஏற்றிய ரிம்மைத் திருப்பி எடுக்கும் கடைக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. முதலில் வெறும் ரிம், அதுவும் முன் ஹப்பில்.

முன்னால் மட்டும் பார்த்தால் போதுமா? பின்னால் டிரம்தானே?

பெரும்பாலான கெப்களில் பின்னால் டிரம். டிரம் ரிம்முக்குள் அடங்கி உட்காரும், கலிப்பர் போலத் துருத்தாது. ஆகவே முன்னால் பொருந்தினால் பின்னால் பொதுவாகப் பொருந்தும். ஆனாலும் ஒரு தடவை வைத்துச் சுற்றுங்கள், அரை நிமிட வேலை. ஸ்டட்டின் அடியில் டிரம்மைப் பிடித்து நிற்கும் மெல்லிய தகட்டு வளையம் ஏதாவது இருந்தால், இரும்பு ரிம் அதை விழுங்கிக்கொள்ளும், அலோயின் தட்டை முகம் விழுங்காது. ரிம் சரிவாக உட்காரும். பின்னாலும் டிஸ்க் வரும் புதிய ரகங்களில் மா வேலையைப் பின்னாலும் செய்யுங்கள்.

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பியும் பார்க்க வேண்டுமா?

பிரேக்குக்காக வேண்டாம். கலிப்பர் சில்லோடு சேர்ந்தே திரும்புவதால் இடைவெளி மாறாது. டயர் ஏற்றிய பிறகு, மட்காட்டிலும் சேஸியிலும் முட்டுகிறதா என்று பார்க்கத்தான் முழுதாகத் திருப்ப வேண்டும்.

ஆறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிரேக் பேட் மாற்றிய மறுநாளிலிருந்து கரகரவென்கிறது. பேட் பிழையா, ரிம் பிழையா?

இது என் கையால் நடந்த பிழையை நினைவுபடுத்தும் கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் எல்200க்கு 16 அங்குல அலோய் ஏற்றினேன். மூக்கு 4 மி.மீ. காட்டியது, திருப்தியோடு அனுப்பினேன். பேட் தேய்ந்து முடியும் நிலையில் இருந்ததைப் பார்த்தும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பேட் மாற்றிய பின் வண்டி திரும்பி வந்தது. ரிம்மைக் கழற்றிக் கவிழ்த்தால், எல்லா ஆரக்காலின் பின்புறத்திலும் ஒரே உயரத்தில், நகப்பிறை அளவில் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கீறல். கலிப்பரின் மூலையில் அலோய்த் தூள் ஒட்டியிருந்தது. ரிம்மை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

நடப்பது இதுதான். எல்200, நவாரா, ரேஞ்சர் போன்றவற்றின் முன் கலிப்பர் ஊசியில் வழுக்கி நகரும் வகை. வெளிப்பக்க பேட் தேயத் தேய, கலிப்பர் வண்டிக்கு உட்பக்கமாக நகர்கிறது, ஆரக்காலிலிருந்து விலகுகிறது. புதிய பேட் போட்டதும் பழைய இடத்துக்கு, அதாவது வெளியே, வந்துவிடுகிறது. பேட்டின் தேய்மானம் 6 மி.மீ. என்றால் மூக்கும் ஏறக்குறைய அவ்வளவு நெருங்கும். ஆகவே மா வைத்துப் பார்க்கும் நாளில் பேட் புதிதாக இருக்க வேண்டும், அல்லது தேய்ந்த அளவை இடைவெளியிலிருந்து கழிக்க வேண்டும். ஃபோர் வீல் ஹைலக்ஸின் முன் கலிப்பர் இரு பக்கமும் பிஸ்டன் உள்ள அசையாத வகை. அதில் இந்தச் சிக்கல் இல்லை.

பேலன்ஸ் செய்து எடுத்ததும் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ வருகிறது. பொருந்துகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

ரிம் பொருந்துகிறது, ஈயம் பொருந்தவில்லை. உள்வட்டத்தில் ஒட்டும் எடைத்துண்டுக்கும் தடிப்பு உண்டு, 3 மி.மீ. தலை இடைவெளியை ஒரு துண்டே தின்றுவிடும். கலிப்பரின் பாதைக்கு வெளியே, உள்விளிம்பை ஒட்டி ஒட்டச் சொல்லுங்கள். பேலன்ஸ் போடும் பையனிடம் ரிம்மின் உள்ளே சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, “இதற்கு அப்பால் ஒட்டாதே தம்பி” என்று சொல்வது என் வழக்கம். ஒட்டியது பறந்து போயிருந்தால் சத்தம் நிற்கும், ஆனால் 80இல் ஸ்டியரிங் நடுங்கும்.

ஸ்பேசர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

மூக்குக்கு உதவும், தலைக்கு உதவாது. ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் வளையம்; அது ரிம்மை வெளியே தள்ளுகிறது. உள்வட்டத்தை அது பெரிதாக்கப் போவதில்லை. தலை தட்டும் ரிம்முக்கு ஸ்பேசர் விற்பவரிடம் வேறு எதையும் வாங்க வேண்டாம்.

மூக்குக்காகப் போடுவதானாலும் நட் எத்தனை சுற்றுப் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். ஸ்டட் 12 மி.மீ. தடிப்பு என்றால் குறைந்தது 12 மி.மீ. ஆழம் பிடிக்க வேண்டும், சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் மரையில் அது 8 சுற்று. 5 மி.மீ. தட்டை வளையம் போட்டதும் 8 சுற்று 5 சுற்றாகிவிட்டால், அது நெல் ஏற்றும் வண்டிக்கு ஏற்றதல்ல. தனி ஸ்டட்டோடு வரும் தடித்த ஸ்பேசர்கள் உண்டு. அவற்றால் சில்லு வெளியே போய் பேரிங்குக்குச் சுமை கூடும், தளர்கிறதா என்று பார்க்க வேண்டிய நட்டும் இரட்டிப்பாகும். நான் விற்பதில்லை.

கலிப்பரின் மூலையைக் கொஞ்சம் கிரைண்டரில் தேய்த்துவிடலாம் என்று கராஜில் சொன்னார்கள். செய்யலாமா?

கலிப்பர் என்பது எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கி, விரியாமல் நிற்க வேண்டிய வார்ப்பு. அதன் முதுகும் மூலையும் அழகுக்காக அங்கே இல்லை. ஆரக்காலின் பின்புறத்தைத் தேய்ப்பதும் அப்படித்தான். வெடிப்பு தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ரிம்மைத் திருப்பிக் கொடுங்கள்.

நடு ஓட்டை பொருந்தவில்லை என்றால் லேத்தில் கொடுக்கலாமா? வளையம் போடலாமா?

முதல் கேள்வியில் விட்ட இடம் இது. சந்தையில் தனியாக விற்கும் ரிம்கள் பல வண்டிக்கும் பொருந்த 110 மி.மீ. போன்ற பெரிய ஓட்டையோடு வரும். ஹைலக்ஸின் 106.1க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அலுமினிய வளையம் ஒன்றால் நிரப்பலாம். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகும், தவிருங்கள்.

67இல் உள்ளதை 106க்குக் கடைவது வேறு கதை. ஒரு பக்கம் ஏறக்குறைய 20 மி.மீ. போய்விடும், மீதி இருப்பது ஸ்டட் ஓட்டைக்குப் பக்கத்து ஒடுங்கிய வரப்பு. அந்த அளவுக்கென்றே வார்த்த ரிம்மில் அங்கே உலோகம் திட்டமிட்டு வைக்கப்பட்டிருக்கும், இதில் இருக்காது. அதேபோல், ஹைலக்ஸ் ரிம்மை எல்200இல் நட்டின் பிடியில் மட்டும் நிறுத்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை கழற்றிப் போடும்போதும் அது வேறு இடத்தில் உட்காரும், நடுக்கமும் வேறு மாதிரி வரும்.

பழைய நட்டையே போடலாமா?

நட்டின் அடியைப் பாருங்கள். கூம்பாக இருந்தால் கூம்பு இருக்கை உள்ள ரிம்முக்கு. தட்டை வாஷரோடு நீண்ட கழுத்து இருந்தால் தட்டை இருக்கை ரிம்முக்கு. டொயோட்டா, மிட்சுபிஷியின் அசல் அலோய் சிலவற்றுக்குத் தட்டை நட் வரும், சந்தை ரிம்மோ பெரும்பாலும் கூம்பு கேட்கும். மாற்றிப் போட்டால் இறுகியதுபோல் காட்டிவிட்டு வழியில் தளரும். மரையும் கவனம்: நிசானுக்கு 12×1.25, முதல் கேள்வியில் சொன்ன மற்றவற்றுக்கு 12×1.5. கையால் இரண்டு சுற்று ஓடாத நட்டை, நட் இறுக்கும் கன்னில் வைத்து ஓட்ட வேண்டாம். 50, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மாரியில் மட்டும் சத்தம். கோடையில் ஒன்றும் இல்லை. ஏன்?

வட்டைக்குள் போய் வருகிறீர்கள், அதனால்தான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் களி ரிம்மின் உள்ளே அப்பி, காய்ந்து, கலிப்பரின் முதுகுவரை வளர்கிறது. அதில் சிக்கிய கிறவல் கல் கலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் உருண்டு உருண்டு உள்வட்டத்தில் ஒரு வாய்க்கால் வெட்டும். தலை இடைவெளி தாராளமாக இருந்தால் கல் விழுந்துவிடும்; 3 மி.மீ. என்றால் சிக்கி நிற்கும். நான் 6 கேட்பது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்ததும் பிரேக் ஆறவிட்டு, ரிம்மின் உட்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் இடையில் சிறு கல் புகுந்தாலும் கீச்சென்று கத்தும். ரிம்மைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவர்களில் சிலருக்கு அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கூலி இல்லை.

9 ஜே, ஓஃப்செட் 0 ரிம் போட்டால் பிரேக் தொல்லையே வராதாமே? பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

மூக்குத் தொல்லை பெரும்பாலும் வராது. வேறு தொல்லை வரும். 7.5 ஜே, +30இலிருந்து 9 ஜே, 0க்குப் போனால் வெளிவிளிம்பு 49 மி.மீ. வெளியே வருகிறது. சேறு கதவெல்லாம் அடிக்கும், ஸ்டியரிங் குழியில் கையைப் பிடுங்கும், மட்காட்டுக்கு வெளியே நிற்கும் டயர் போக்குவரத்துப் பொலிசாரின் கண்ணில் முதலில் படும். ரேஞ்சர்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் கம்பனி ஓஃப்செட் +55. ஹைலக்ஸ் அளவான +30 வாங்கினாலே 25 மி.மீ. வெளியே போய்விட்டீர்கள்.

18 அங்குலம் போட்டால் பிரேக்குக்கு இடம் தாராளம். மீட்டர் பிழை காட்டுமா?

டயரைச் சரியாக எடுத்தால் காட்டாது. 265/70 ஆர்16, 265/65 ஆர்17, 265/60 ஆர்18 மூன்றின் வெளி விட்டமும் 775க்கும் 778 மி.மீ.க்கும் இடையில்தான். மாறுவது சுவரின் உயரம்: 185, 172, 159. ரிம்முக்கும் குழிக்கும் இடையில் நிற்பது அந்தச் சுவர்தான். வயல்வழி ஓடுபவருக்கு 17க்கு மேல் நான் சொல்வதில்லை.

ஒரு தொன் நெல் ஏற்றுவேன். கார் ரிம் பொருந்தினால் போட்டுவிடலாமா?

பொருந்துவது வேறு, தாங்குவது வேறு. வண்டியின் தகட்டில் பின் அச்சுக்கான சுமை இருக்கும். அதில் பாதியை ஒரு ரிம் தாங்க வேண்டும். அச்சுக்கு 1,700 கிலோ என்றால் ரிம்மில் 850 கிலோவாவது பொறித்திருக்க வேண்டும். ஜப்பான் ரிம் என்றால் ஜே.டபிள்யூ.எல். முத்திரை கார்களுக்கானது, ஜே.டபிள்யூ.எல்.-டி என்பது லொறி, பஸ் வகைக்கானது. முத்திரையும் சுமையும் இல்லாத ரிம்மை வாசலில் பூச்சாடிக்கு அடியில் வைக்கலாம்.

சத்தம் வருகிறது, ஆனால் எங்கே தட்டுகிறது என்று தெரியவில்லை. ஒரு பக்கம் மட்டும்தான்.

சில்லை ஜக்கில் தூக்கி மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். சுற்றுக்கு ஒரு தட்டு என்றால் எடைத்துண்டு, அல்லது குழியில் விழுந்து வளைந்த ரிம், அல்லது ஹப் முகத்தில் துரு ஏறி ரிம் சரிவாக உட்கார்ந்திருக்கிறது. கடலோர வண்டிகளில் இந்தத் துரு அதிகம்; கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் போடுங்கள். ஆரக்கால் எத்தனையோ அத்தனை தட்டு என்றால் மூக்கு. விடாமல் கரகர என்றால் தலை, அல்லது டிஸ்க் தகடு. தூக்கிய நிலையில் ஒன்றுமில்லை, ஓடும்போது மட்டும் என்றால், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து பேரிங்கைச் சந்தேகியுங்கள்.

இரு பக்கமும் ஒரே ரிம், ஒரு பக்கம் மட்டும் மூக்குத் தட்டுகிறது, பேரிங்கும் இறுக்கம் என்றால், கலிப்பர் அல்லது டிஸ்க் எப்போதாவது அந்தப் பக்கம் மட்டும் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். இரண்டாம் கையில் வாங்கிய வண்டியில், வேறு மொடலின் உதிரிப்பாகம் அங்கே உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நாலும் அலோய் போட்டாயிற்று. ஸ்பெயார் பழைய இரும்பு ரிம்மாகவே இருக்கட்டுமா?

இருக்கட்டும்; அது கம்பனி ரிம், பிரேக்கில் தட்டாது. டயரின் விட்டம் மட்டும் மற்ற நான்கோடு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீலைப் போட்டு ஓட்ட வேண்டாம். அலோய்க்கு வாங்கிய புதிய நட் இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட் ஆறையும் ஒரு பையில் கட்டி ஆசனத்துக்கு அடியில் போட்டுவிடுங்கள். மகாஓயாவுக்கும் செங்கலடிக்கும் நடுவில் இரவில் பஞ்சரான ஒருவர், ஸ்பெயார் இருந்தும் அந்த ஆறு நட் இல்லாமல் விடியும்வரை வண்டியில் படுத்திருந்தார்.